கித்தாரில் கமகம்

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் வீணை கேட்ட நேயர்கள் கமகம் பிறக்கும் வகையை அறிவர். வித்துவான் மெட்டின்மீது தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறார், சுரம் வளைகிறது. 'ராக்' இசையின் கித்தார்க் கலைஞர் செய்வதும் அதுவே. அதனை வெறும் இரைச்சலென்றே யானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

கொச்சியின் மதர்ஜேன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட 'மக்தூப்' அவ்வெண்ணத்தை மாற்றியது. அதில் பைஜு தர்மஜன் மின்கித்தாரில் இழைக்கும் சுரங்கள் கர்நாடக இசையின் கமகத்தோடு அசைகின்றன. அவருடைய வேகத்தைப் புகழ்வோர் உளர். எனக்கோ இழுப்பின் அளவே பெரிது. மயிரிழை மிகுந்தால் சுருதி கெடுமன்றோ?

இழுப்பதே அரிதாகிவிட்ட கலைஞரும் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் டோனி அயோமி, 1965-இல் தொழிற்சாலை விபத்தில், தந்தியை அழுத்தும் கையின் இருவிரல் நுனிகளை இழந்தார். விரல்களுக்குப் பிளாஸ்டிக் உறையிட்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டினார்; பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். 'மெட்டல்' இசையின் கனத்த நாதத்தில் அந்தக் காயத்திற்கும் பங்குண்டு.