விசிலுக்கு 20 நிமிடம் முன்பே

கூடைப்பந்து நடுவரின் அதிகாரம் முதல் விசிலோடு தொடங்குவதாகத்தான் பார்க்க வந்தவர்கள் நினைத்துக்கொள்கிறோம். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்புத்தகம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஆட்டத்துக்குக் குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் முன்பு நடுவர் களத்துக்கு வந்து சேர்ந்ததுமே அவருடைய ஆட்சி தொடங்கிவிடும். பந்து இன்னும் மேலே போகவில்லை, ஸ்கோர் எழுதுகிறவர் பேனாவைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் களத்தில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது, யார் எதை அணிந்துகொண்டு இறங்கலாம் என்று சொல்லும் ஆள் வந்தாயிற்று. அந்த 20 நிமிடத்தில் அவர் செய்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புள்ளிகளோடு சம்பந்தமே கிடையாது. ஆடப்போகும் பிள்ளைகளின் உடம்போடுதான் சம்பந்தம்.

திருநெல்வேலிச் சீமையில் கூடைப்பந்து பெரும்பாலும் பள்ளிக்கூட ஆட்டம். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் ஆடினாலும் சரி, தாமிரபரணிக் கரையோரத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் ஆடினாலும் சரி, இறங்குகிறவர்கள் 14, 17, 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படியேறும் இந்தப் போட்டிகளில் விசில் பிடிப்பவரும் அநேகமாக இன்னொரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அவர் செய்ய வேண்டிய வேலை என்ன என்பது ஊருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஃபவுல் சொல்கிறவர் என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது.

முதலில் அவர் பார்க்க வேண்டியது போஸ்ட். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். போர்டைத் தாங்கும் கம்பம் எல்லைக்கோட்டுக்கு வெளியே குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், தரையிலிருந்து 2.15 மீட்டர் உயரம்வரை அதைச் சுற்றி மெத்தை கட்டியிருக்க வேண்டும் என்பதையும் அதே புத்தகம்தான் சொல்கிறது. லே-அப் போட முழு வேகத்தில் ஓடிவரும் பையனால் கோட்டிலேயே நின்றுவிட முடியாது. அந்த இரண்டு மீட்டர் அவன் வேகம் அடங்குவதற்கான இடம். நம் மைதானங்கள் பலவற்றில் கம்பம் கோட்டை ஒட்டியே நிற்கிறது. மெத்தையைத் தேடத்தான் வேண்டும்.

கம்பத்தின் அடியில் இருப்பது இதைவிடப் பொல்லாதது. இரும்புக் குழாய் சிமென்ட்டுக்குள் இறங்கும் இடத்தில்தான் மழைத்தண்ணீர் தேங்கும், அங்கேதான் துரு பிடிக்கும். ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் அடிக்கும் பெயின்ட் அதை மூடிவிடும். இனி ஒரு பையன் எகிறி ரிங்கைப் பிடித்துத் தொங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். போர்டு கம்பத்திலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அவன் எடை நேராகக் கீழே இறங்காது. நெம்புகோல் கணக்கில், கம்பத்தை முன்பக்கமாகச் சாய்க்கும் விசையாக மாறி, துருப்பிடித்த அந்த இடத்தில் மொத்தமாகப் போய் இறங்கும். நீட்டம் கூடக்கூட விசையும் கூடும். தொங்கியபடி ஊசலாடினால் கேட்கவே வேண்டாம்.

2025 நவம்பரில் ஹரியானாவில் இது நடந்தது. ரோத்தக் மாவட்டம் லாக்கன் மாஜ்ரா கிராமத்து மைதானத்தில், தேசிய அளவில் ஆடிய 16 வயதுப் பையன் தனியாகப் பயிற்சி செய்தபோது ரிங்கைப் பிடித்துத் தொங்க, கம்பம் சரிந்து அவன் மார்பில் விழுந்தது. அவன் பிழைக்கவில்லை. அதே நாட்களில் பஹதூர்கரில் 15 வயதுப் பையன் ஒருவனும் இப்படியே கம்பம் விழுந்து இறந்தான். இரண்டுமே பயிற்சி நேரத்தில் நடந்தவை, நடுவர் யாரும் அங்கே இல்லை. ஆனால் அந்தக் களங்களில் எப்போதாவது போட்டி நடந்திருந்தால், கம்பத்தைக் கையால் உலுக்கிப் பார்த்து 'இதில் ஆட்டம் வைக்க முடியாது' என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருந்திருக்கும். களத்தின் சாதனங்களைப் பார்த்து ஒப்புதல் தருவது முதன்மை நடுவரின் வேலை. ஒப்புதல் தரலாம் என்றால் மறுக்கவும் செய்யலாம்.

ரிங்கில் தொங்குவதற்குத் தண்டனை டெக்னிக்கல் ஃபவுல். அந்த விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: கீழே இன்னொருவன் நிற்கிறான், கையை விட்டால் அவன் மேல் விழ நேரும் என்பதற்காக ஒருவன் ரிங்கைப் பிடித்துக்கொண்டதாக நடுவர் கருதினால் ஃபவுல் கிடையாது. தண்டிக்கும் விதிக்குள்ளேயே, இவன் செய்தது வம்பா, காப்பாற்றலா என்று அந்த நொடியில் தீர்மானிக்கும் பொறுப்பை வைத்திருக்கிறார்கள்.

போஸ்ட்டுக்கு அடுத்தது தரை. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்று மேற்கு வட்டாரத்துக்குச் சாரலையும், கிழக்கே வர வரப் புழுதியையும் கொண்டுவரும். வழவழப்பான சிமென்ட் தரையில் படியும் நைசான மணல் கால் முட்டிக்கு எமன். பெருக்கச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் தாமதமாக ஆட்டத்தைத் தொடங்கும் நடுவரைப் பார்த்து முணுமுணுப்பவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும்.

பிறகு ஆட்டக்காரர்களின் கை, காது, கழுத்து. மற்றவரைக் காயப்படுத்தக்கூடிய எதையும் அணியக்கூடாது என்பது விதி. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நகை கூடாது, தலைமுடியில் குத்தும் கிளிப்போ ஊசியோ கூடாது. முழங்கை, மணிக்கட்டில் கெட்டியான பொருளாலான கட்டு இருந்தால், மேலே பஞ்சு சுற்றியிருந்தாலும் அனுமதி இல்லை. முழங்கால் பட்டைக்கு அனுமதி உண்டு. மூக்குக் கவசத்துக்கும், ஆபத்து விளைவிக்காத கண்ணாடிக்கும்கூட உண்டு. பெண் பிள்ளைகளிடம் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றச் சொல்வது லேசான காரியம் அல்ல. புதிதாகக் காது குத்திய பிள்ளை, கழற்றினால் துளை மூடிவிடும் என்று அழும். ரீபவுண்டுக்கு எகிறும் பத்து பேரில் ஒருவரின் விரல் அந்தத் தோட்டில் மாட்டினால் காது கிழியும் என்று பொறுமையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

நம் வட்டாரத்தில் கை என்றால் கயிறும் சேர்ந்ததுதான். மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்லும் அவலம் இங்கே பள்ளிக்கூடங்களுக்குள் வந்து வெகுகாலமாகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடுக்கப் பரிந்துரைத்தது. கூடைப்பந்து நடுவருக்கு அந்த அறிக்கையைக் கையில் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மணி கோத்த கயிறும் செம்புக் காப்பும் எதிராளியின் கண்ணிமையைக் கிழிக்கக்கூடியவை, விரலை மாட்டக்கூடியவை. அது போதும். கெட்டிக்கார நடுவர் யாரையும் தனியாகக் கூப்பிட்டு, 'உன் கயிறு என்ன நிறம்' என்று விசாரிக்க மாட்டார். இரண்டு அணியையும் வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் கையை நீட்டுங்க. கையில ஒண்ணும் இருக்கக்கூடாது" என்பார். எல்லாருக்கும் ஒரே சொல், ஒரே கத்தரி. சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் களத்தில் நாற்பது நிமிடத்துக்கு அதை வெளியே நிறுத்த இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை.

இனி விசில். உள்ளே சிறு உருண்டை ஓடும் பழைய விசிலில் எச்சிலோ புழுதியோ அடைத்தால் சத்தம் வராது. கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு 1984இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் அதுதான் நேர்ந்தது. முக்கியமான ஆட்டத்தில் விசில் அடைத்துக்கொண்டது. ஊர் திரும்பியவர் உருண்டையே இல்லாத விசிலைச் செய்ய முனைந்தார். 1987 பான் அமெரிக்கப் போட்டிகளில் அறிமுகமான அந்த ஃபாக்ஸ் 40தான் இன்று பெரிய ஆட்டங்களில் ஒலிக்கிறது. சத்தம் வராத நொடியில் ஆட்டம் நிற்காது, அடிபட்டவன் மேல் இன்னொருவன் விழுவான் என்பதால் இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. விசிலோடு கையையும் உயர்த்த வேண்டும் என்ற விதிக்குப் பாளையங்கோட்டையில் கூடுதல் பொருள் உண்டு. ஃபிளாரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோர் பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருக்கும் ஊர் அது. விசில் கேட்காத பிள்ளை ஆடும் களத்தில், நேராக மேலே எழும்பும் அந்தக் கைதான் விசில்.

பந்து எழும்பியாயிற்று. இப்போது நடுவரின் கண் எதைப் பார்க்கிறது? ஒவ்வொரு ஆட்டக்காரரையும் சுற்றி உருளை வடிவில் ஓர் இடம் இருப்பதாக விதி கற்பனை செய்கிறது. முன்னால் உள்ளங்கைவரை, பின்னால் பிட்டம்வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளிவிளிம்புவரை. அந்த இடமும் அதற்கு நேர் மேலே உள்ள காற்றும் அவருக்குச் சொந்தம். நேராக எகிறினால் அவர்மீது தப்பில்லை, அடுத்தவரின் உருளைக்குள் சாய்ந்து நுழைந்தால் தப்பு. இதோடு ஒட்டியது இன்னொரு விதி: எகிறியவருக்கு எகிறிய இடத்திலேயே திரும்ப இறங்க உரிமை உண்டு. அவர் காற்றில் இருக்கும்போது யாரும் கீழே காலை நகர்த்தி வைக்கக்கூடாது.

பார்ப்பவர்களுக்கு இது பொடி விஷயம். கூடைப்பந்தில் அதிகம் நேரும் காயம் கணுக்கால் சுளுக்கு. அது பெரும்பாலும் எப்படி வருகிறது என்றால், எகிறியவன் இறங்கும்போது தரைக்குப் பதில் அடுத்தவன் பாதத்தின் மேல் இறங்குகிறான், கால் உள்பக்கம் மடங்குகிறது. பந்து கையை விட்டுப் போன பிறகும் நல்ல நடுவர் பந்தைத் தொடர்ந்து பார்க்காமல், எறிந்தவனின் கால் தரையைத் தொடும்வரை அங்கேயே பார்ப்பது இதனால்தான். பந்து ரிங்கில் விழுகிறதா என்று பார்க்கத்தான் மைதானம் முழுக்க ஆள் இருக்கிறதே.

பெரியவர்கள் ஆட்டத்தில் சின்ன உரசல்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது நடுவரின் திறமை. ஆட்டம் ஓட வேண்டும். பள்ளி ஆட்டத்தில் அதே அளவுகோலைப் பிடிப்பது தவறு என்பது என் கட்சி. 14 வயதுக்குட்பட்டோர் என்ற ஒரே பெயரில், குரல் உடைந்து மீசை அரும்பிய ஒருவனும், அவன் தோள் உயரம்கூட வராத இன்னொருவனும் எதிரெதிரே நிற்பார்கள். காற்றில் இருக்கும் உடம்பைச் சமாளித்து இறக்கும் பழக்கம் அந்த வயதில் இன்னும் வந்திருக்காது. "சார், தள்ளுதான் சார்" என்று ஒரு பையன் ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனால், அதில் புகாரும் இருக்கிறது, முன்னறிவிப்பும் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் மூன்றாவது முறை அவன் சொல்ல மாட்டான், முழங்கையை விடுவான். முதல் ஐந்து நிமிடத்தில் நாலு விசில் கூடுதலாக விழுந்தால் கூட்டம் சலித்துக்கொள்ளும், பிள்ளைகள் எல்லையைப் புரிந்துகொள்வார்கள்.

யாராவது விழுந்துவிட்டால் விதி இரண்டு வழி வைக்கிறது. பொதுவாக, பந்து வைத்திருக்கும் அணி அந்த முயற்சியை முடிக்கும்வரை விசில் கூடாது, இல்லாவிட்டால் தோற்கிறவர்கள் எல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் அடிபட்டவரைக் காக்க வேண்டியிருந்தால் உடனே நிறுத்தலாம். இது எந்த வகை என்று முடிவெடுக்க நடுவருக்குக் கிடைப்பது ஒரு நொடிதான். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவனுக்காகச் சற்றுப் பொறுக்கலாம். தலையைப் பிடித்தவன், அசையாமல் கிடப்பவன், யாரும் தொடாமலே சுருண்டு விழுந்தவன், இவர்களுக்குப் பொறுக்கவே கூடாது. எழுந்து ஆட 15 விநாடிக்கு மேலானாலோ, முதலுதவி தேவைப்பட்டாலோ மாற்று ஆள் இறங்க வேண்டும். ரத்தம் வந்தால் அது நின்று, காயத்தை முழுக்க மூடிக் கட்டிய பிறகே திரும்பலாம்.

"ஆடுவேன் சார், ஒண்ணுமில்ல சார்" என்று எந்தப் பையனும் சொல்வான். அவன் சொல்லை நம்பக்கூடாத இடம் தலை. முழங்கை பட்டோ தரையில் மோதியோ விழுந்தவன் விழிப்பது ஒரு தினுசாக இருந்தாலோ, ஸ்கோர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டாலோ, தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ மூளை அதிர்ந்திருக்கலாம். அது ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இப்படிப்பட்ட மாணவனைக் களத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், மருத்துவ ஒப்புதல் இல்லாமல் திரும்ப விடக்கூடாது என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009இல் சட்டம் போட்டது. அடுத்த ஐந்தாண்டுகளில் அங்குள்ள எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் பின்தொடர்ந்தன. நடுவர் மருத்துவர் அல்ல, நோய் என்னவென்று அவர் சொல்ல வேண்டியதில்லை. அறிகுறி தெரிகிறது, வெளியே போ என்று சொன்னால் போதும்.

'எங்களிடம் மாற்று ஆள் இல்லை, இவனை எடுத்தால் ஆட்டமே போய்விடும்' என்று பயிற்சியாளர் கெஞ்சுவார். போகாது. தொடங்கத்தான் ஐந்து பேர் வேண்டும். தொடங்கிய பிறகு களத்தில் இரண்டு பேருக்குக் குறைந்தால்தான் அணி தோற்றதாகும். நாலு பேரை வைத்து ஆடலாம். கடினம்தான், ஆனால் விதி இடம் தருகிறது.

யாரும் தொடாமலே விழுந்தவனைப் பற்றி ஒரு சொல். அது இதயமாக இருக்கலாம். 1990இல் அமெரிக்கக் கல்லூரி நட்சத்திரம் ஹேங்க் கேதர்ஸ் ஆட்டத்தின் நடுவே அப்படித்தான் விழுந்து இறந்தார். மூச்சும் இல்லை, அசைவும் இல்லை என்றால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பாளையங்கோட்டையில் விழுந்தால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. பாபநாசம் அடிவாரத்தில் விழுந்தால் அங்கே நிற்பவர்களின் கைதான் ஆஸ்பத்திரி. சித்திரை வெயிலில் குழம்பிப் பேசிச் சரிகிறவனுக்கோ முதலில் வேண்டியது நிழலும், உடம்பு நனைய நனையத் தண்ணீரும். வண்டி ஏற்றுவது அதற்குப் பிறகு.

அடுத்த முறை பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கப் போகும்போது கொஞ்சம் முன்னதாகவே போங்கள். நடுவர் கம்பத்தை உலுக்கிப் பார்க்கிறாரா, பிள்ளைகளின் கையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் மரியாதையாகக் கேளுங்கள். இறுதிச் சுற்றில், மூன்று புள்ளி பின்தங்கியிருக்கும்போது, அவர் உங்கள் பையனை வெளியே உட்காரச் சொன்னால் தயவுசெய்து கத்தாதீர்கள்.