ரூட்டரின் சாவி யார் கையில்?

மாணவர்களே, உங்கள் வீடு ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாலும் மலாக்கா நகரத்துத் தாமானில் இருந்தாலும், வைஃபை இணையம் உள்ளே வரும் வாசல் ஒன்றுதான். சுவரோரம் விளக்கு மினுக்கும் ரூட்டர்தான் அந்த வாசல். உங்கள் பாடக் காணொளியும் அப்பாவின் வங்கிச் செயலியும் இதன் வழியேதான் போய் வருகின்றன. வீட்டு வாசலைப் பூட்டுகிறோம், இந்த வாசலை?

2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைக்கப்படும் 'அட்மின்', '12345' போன்ற சுமார் 60 பெயர், கடவுச்சொல் இணைகளைப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் விடப்பட்ட ரூட்டர்களும் கண்காணிப்புக் கேமராக்களும் இலட்சக்கணக்கில் அதன் பிடியில் சிக்கின. அக்டோபர் 21-ஆம் நாள், இணையதளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றித் தரும் 'டைன்' நிறுவனத்தை அத்தகைய கருவிகள் ஒன்றாகத் தாக்கின. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. கருவிகளின் சொந்தக்காரர்கள் பலருக்கு எதுவுமே தெரியாது!

அண்டை நாடான சிங்கப்பூர் 2021 ஏப்ரலில் வீட்டு ரூட்டர்களுக்கு விதிகளை நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே இறங்க வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும்.

நாமும் கடையில் வேகத்தை மட்டும் கேட்காமல், மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்போம்.

1. புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும்? ரூட்டரும் ஒரு கணினிதான். அதன் மென்பொருளில் உள்ள ஓட்டைகள் பெரும்பாலும் விற்பனைக்குப் பிறகே தெரிய வருகின்றன.

2. டபிள்யூ.பி.ஏ.3 உண்டா? பழைய டபிள்யூ.பி.ஏ.2 முறையில், நீங்கள் இணையும் நொடியைப் பதிவு செய்தவர் தம் வீட்டில் உட்கார்ந்தே உங்கள் கடவுச்சொல்லைக் கோடிக்கணக்கான முறை ஊகிக்கலாம். 2018-இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 அதற்கு இடம் தருவதில்லை.

3. விருந்தினர் வைஃபை உண்டா? வருவோர் போவோரின் கைப்பேசிகளையும் மலிவான கேமராக்களையும் அதில் தனியே வைக்கலாம்.

புதிய ரூட்டர் வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். இருக்கும் ரூட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. வைஃபை கடவுச்சொல் உள்ளே வருவதற்கு. நிர்வாகக் கடவுச்சொல்லோ பூட்டையே மாற்றுவதற்கு. இது பிறர் கைக்குப் போனால், வங்கியின் பெயரைத் தட்டும் உங்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முயலலாம்.

பலர் முதலாவதை மட்டுமே மாற்றுகிறார்கள். இன்றிரவு அம்மா அப்பாவோடு உட்கார்ந்து இரண்டாவதையும் மாற்றுங்கள். காசு செலவில்லை, பத்து நிமிடம் போதும்.