எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் ரயில் பாலம்... சிகாகோவில் ஒரு கூட்ஸ் லைன் காணாமல் போனது எப்படி?

சிகாகோ நதியில் எடுத்த போட்டோக்களை ஸ்க்ரோல் பண்ணும்போது ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கீங்களா? பளபளக்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, துருப்பிடித்த இரும்புப் பாலம் ஒன்று வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். 'ஏதோ கப்பல் போகுது, அதான் தூக்கியிருக்காங்க'ன்னு நினைச்சிருப்பீங்க. ஆனால், கப்பல் இல்லாத நேரத்திலும் அது அப்படியேதான் நிற்கும். காரணம், அதன் மேல் போக இப்போது ரயில் கிடையாது.

அதன் பெயர் கின்ஸி தெரு ரயில் பாலம். 1908-ல் திறந்தபோது, அந்த வகைத் தூக்குப் பாலங்களில் உலகிலேயே நீளமானது, எடை அதிகமானது என்று பெயர் வாங்கியது. அதை வடிவமைத்த நிறுவனம், பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்குத் தலைமைப் பொறியாளரான ஜோசப் ஸ்ட்ராஸுடையது.

பார்க்கில் இருக்கும் ஸீ-சா மாதிரிதான் இது வேலை செய்யும். ஒரு பக்கம் தண்டவாளம் பதித்த பாலம். மறுபக்கம் அதைச் சமன்செய்யும் பிரமாண்டமான கான்கிரீட் எடை. இரண்டும் சமமாக இருப்பதால், பாலத்தின் முழு எடையையும் மோட்டார் சுமக்க வேண்டியதில்லை. லேசாகத் தள்ளிவிட்டாலே போதும். நம்ம ஊர்க் கிணற்று ஏற்றத்தின் கணக்கும் இதுதான்!

ஒருவர் பின் ஒருவராக...

இந்த இடத்துக்கு வயசு அதிகம. சிகாகோவின் முதல் ரயில் கம்பெனி 1848-ல் வண்டி ஓட்ட ஆரம்பித்தது. நான்கே வருஷத்தில், 1852-ல், இங்கே நதியின் மேல் ரயில் பாலம் போட்டுவிட்டார்கள். பிறகு ஒன்றை எடுத்து இன்னொன்று என்று மாற்றி மாற்றிக் கட்டியதில் வந்ததுதான் இப்போது நிற்கும் பாலம்.

ஆரம்பத்தில் பயணிகள் ரயிலும் இதில்தான் போனது. ஆனால், பாலம் திறந்த மூன்றே வருஷத்தில், 1911-ல், நதிக்கு மேற்கே புது டெர்மினல் திறக்கப்பட்டது. பயணிகள் ரயில்கள் அங்கே போய்விட்டன. பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தில் 1930-ல் மெர்ச்சண்டைஸ் மார்ட் என்ற ராட்சதக் கட்டடம் எழுந்தது. அப்போது பரப்பளவில் உலகிலேயே பெரிய கட்டடம் அதுதான். கூட்ஸ் ரயில்கள் அந்தக் கட்டடத்துக்கு அடியிலேயே ஓடின.

அதுக்கப்புறம் இந்த லைனுக்குச் சோறு போட்டது சரக்குதான். நதியின் வடகரை முழுக்க கிடங்குகள், தொழிற்சாலைகள். கிழக்குக் கோடியில், ஏரியில் நீட்டிக்கொண்டிருக்கும் நேவி பியர் என்ற கப்பல் துறை வரை வேகன்கள் போய் வந்தன.

பிறகு நெடுஞ்சாலைகள் வந்தன. லாரி நேராக வாசலுக்கே வந்து நின்றது. தொழிற்சாலைகள் மலிவான நிலம் தேடி ஊருக்கு வெளியே நகர்ந்தன. கிடங்குகள் அபார்ட்மென்ட்களாகவும் ஆபீஸ்களாகவும் மாறின. நேவி பியர் இன்றைக்கு ராட்டினம் சுற்றுகிற டூரிஸ்ட் ஸ்பாட். ஒரே நாளில் யாரும் லைனை மூடவில்லை. கஸ்டமர்கள்தான் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிப்போனார்கள்.

கடைசி கஸ்டமர் ஒரு பத்திரிகை

கடைசியில் மிச்சமிருந்தது 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழ். நதிக்கரையில் இருந்த அதன் அச்சகத்துக்குப் பேப்பர் உருளைகள் ரயிலில் வந்தன. ஒரே ஒரு கஸ்டமருக்காக இவ்வளவு பெரிய பாலத்தையும், கட்டடங்களுக்கு அடியில் ஓடும் தண்டவாளத்தையும் பராமரிக்கணும்னா செலவு எப்படிக் கட்டுப்படியாகும், யோசிச்சுப் பாருங்க!

2000-ம் ஆண்டுவாக்கில் அச்சடிக்கும் வேலை நகரத்தின் வேறொரு பகுதிக்கு மாறியது. அதோடு இந்த ரயிலும் நின்றது. 'இன்டர்நெட் வந்து பேப்பரை முடிச்சிடுச்சு'ன்னு இதற்கும் காரணம் சொல்லத் தோணும். ஆனால், இங்கே ரயிலை நிறுத்தியதில் பெரிய பங்கு நிலத்தின் விலைக்குத்தான். நடு ஊரில், நதியைப் பார்த்த இடத்தில், அச்சு இயந்திரம் ஓட்டுவதைவிட கோபுரம் கட்டுவது லாபம். அந்தப் பத்திரிகைக் கட்டடம் இருந்த இடத்தில்தான் இப்போது டிரம்ப் டவர் நிற்கிறது.

வருஷத்துக்கு ஒரு லாரி

இனிமேல்தான் ட்விஸ்ட். சரக்கு நின்ற பிறகும், லைனின் சொந்தக்காரரான யூனியன் பசிபிக் நிறுவனம் அதை உடனே கைகழுவவில்லை. பல வருஷங்கள், ஆண்டுக்கு ஒருமுறை பாலத்தைக் கீழே இறக்கி, தண்டவாளத்தில் ஓடக்கூடிய லாரி ஒன்றை அதன் மேல் ஓட்டிவிட்டு, மறுபடியும் தூக்கி வைத்தார்கள்.

எதுக்கு இந்தச் சடங்கு? லைன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று காட்டத்தான். அமெரிக்காவில் ஒரு ரயில் பாதையைக் கைவிட மத்திய அரசு அமைப்பின் அனுமதி வேண்டும். கைவிட்டுவிட்டால் பல இடங்களில் அந்த நிலத்தின் மீதான உரிமையும் போய்விடும். நகரத்தின் நடுவே அறுபடாமல் ஓடும் ஒரு நீளமான நிலத்துண்டு... ஒருமுறை துண்டுதுண்டாகக் கைமாறினால், எத்தனை கோடி கொடுத்தாலும் மறுபடி ஒட்டவைப்பது கஷ்டம். அந்தத் தடத்தில் பஸ் பாதை அமைக்கலாமா என்று சிகாகோ நகர நிர்வாகமே திட்டம் பேசியிருக்கிறது. பாலத்துக்கோ 2007-ல் நகரத்தின் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது.

நம்ம பாம்பனும் சிகாகோவும்

இந்தக் கதைக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கும் பகுதிக்கு 'ஷெர்சர்' என்று பெயர். அந்த வடிவமைப்பை உருவாக்கிய வில்லியம் ஷெர்சர் சிகாகோ பொறியாளர்!

ஆனால், இரண்டு பாலங்களின் தலையெழுத்தும் வேறு. உப்புக்காற்றில் அரிக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. ராமேஸ்வரத்துக்கு ரயில் தேவைப்பட்டது. அதனால் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். சிகாகோவில் பாலம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அதில் போவதற்குத்தான் சரக்கு இல்லை.

ஆக, துருப்பிடிச்சா பாலம் போயிடும்னு அர்த்தமில்லை. தேவை இருந்தால் புதுசு வரும். உங்க ஊர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் புல் முளைத்த கூட்ஸ் தண்டவாளம் ஏதாவது இருந்தால், அது எந்தக் குடோனுக்கு, எந்த மில்லுக்குப் போனது என்று பெரியவங்ககிட்ட விசாரிச்சுப் பாருங்க. அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேளுங்க. நாளைக்கு உங்க ஊருக்கு ஒரு மெட்ரோவோ, சைக்கிள் பாதையோ வரணும்னா, வழி அங்கேதான் இருக்கலாம்.