காது, தோல், எலும்பு, தாகம்

காதில் ஆறாத சீழ். உச்சந்தலையில் பொடுகு போலச் செதில் தடிப்பு. மண்டையில் மெத்தென்று ஒரு புடைப்பு. போதாததற்கு, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடங்காத தாகம். சுகர் பார்த்தாலோ சரியாக இருக்கும். முட்டம் போன்ற ஒரு கடலோர ஊரில் ஒரு குழந்தைக்கு இப்படி வந்தால், காதுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர் என்று தாய் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியதுதான். நாலும் ஒரே நோயாக இருக்கலாம் என்று சட்டென்று யாருக்கும் தோன்றாது. லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் அப்படிப்பட்ட நோய். ஆண்டுக்கு 10 லட்சம் குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்கே வருகிறது. டாக்டர்களையும் குறை சொல்ல முடியாது.

1868-ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோலில் கிளைவிட்ட செல்களைப் பார்த்து நரம்பு என்று நினைத்தார். உண்மையில் அவை நோய்க்கிருமிகளைக் காட்டிக்கொடுக்கும் காவல் செல்கள். இந்த நோயில் பெருகுபவை அவற்றின் சாயலில் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள். பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளில் பிராஃப் என்ற மரபணு பிசகியிருப்பது 2010-ல் தெரிந்தது. பிசகிய மரபணு ‘பெருகு, பெருகு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் செல்கள் போய்ச் சேரும் இடமெல்லாம் கேடு: எலும்பு அரிக்கும், தோல் தடிக்கும். கல்லீரல், மண்ணீரல், மஜ்ஜை மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. புடைப்பிலிருந்து சிறு துண்டெடுத்து பயாப்சி பார்த்தால்தான் உறுதியாகும்.

பல உறுப்புகளில் பரவியிருந்தால் முதல் மருந்து பிரெட்னிசோலோனோடு வின்பிளாஸ்டின் ஊசி. தொடக்கத்தில் வாரம் ஒன்று, பிறகு இடைவெளி விட்டு, மொத்தம் ஓராண்டு. வின்பிளாஸ்டின் வருவது நம் கடற்கரை மணலில் கேட்பாரற்றுப் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். அந்த இலைகள் 1952-ல் கனடாவுக்குப் போயின. அங்கே ஆய்வாளர் ராபர்ட் நோபில் அவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவில்லை, வெள்ளணுக்கள் மளமளவென்று குறைந்தன. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு அவரும் சக ஆய்வாளர் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு கிராமுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வீட்டில் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் நோய் தீராது. செடியின் நஞ்சுதான் உடம்பில் சேரும்.

ஒரே எலும்போடு நின்ற நோய் சிலருக்குத் தானாகவே ஆறிவிடும். இந்த நோயால் பிட்யூட்டரி சுரப்பி சேதமானவர்கள் நிலை வேறு. நீரை உடம்பில் நிறுத்திவைக்கும் ஹார்மோன் அங்கிருந்துதான் வெளியாகிறது; அது நின்றதால்தான் அந்தத் தாகம். மற்றதெல்லாம் குணமான பிறகும் தாகம் பெரும்பாலும் மாறாது. அதற்கு டெஸ்மோபிரசின் மருந்தைக் காலமெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.