வெள்ளையாய்த் தெரிவது புகையில்லை

மந்தாரக்குப்பத்து டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால், இடுப்பு சிறுத்த பெரிய கோபுரங்களின் வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று எழும்புவது தெரியும். நெய்வேலிக்குப் புதிதாக வருகிறவர்கள், "எம்மாம் புகை பாருங்க" என்று அதைத்தான் காட்டுவார்கள்.

கையிலிருக்கும் டீ கிளாஸைப் பாருங்கள். அதன் மேல் ஆடுவதும் அங்கே எழுவதும் ஒன்றேதான், நீராவி. நாம் டீயை ஆற்றுகிறோம். அந்தக் கோபுரம் மின் நிலையத்தின் சூடான தண்ணீரை ஆற்றுகிறது. நாம் பார்க்க வேண்டியது, பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் புகைபோக்கியை. அதன் வாயில் பல நாள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாதது இல்லாதது என்று நினைக்கிறோமே, அங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி எடை ஈரம்தான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கிறது. எரியும்போது பறக்கும் சாம்பலை மின்புலத்தால் இழுத்துப் பிடிக்கிறார்கள். தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுமே, அதே வித்தைதான். எடைக்கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சிக்கிவிடும். தப்பிப்பவற்றில் மிக நுண்ணிய துகள்களே அதிகம். கந்தக டை ஆக்சைடு வாயுவோ இந்த வலையில் சிக்குவதே இல்லை. அது காற்றோடு போய், வழியில் ஈரத்தோடும் அமோனியாவோடும் சேர்ந்து தானே நுண்துகளாக மாறும். நெய்வேலியில் கிளம்பியது, பல மைல் தாண்டி வேறோர் ஊர்க்காரர் மூச்சில் துகளாக இறங்கலாம்.

துகள் என்றால் எவ்வளவு? தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நாம் பேசுவது 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவற்றை. மூக்கைத் துடைத்த கைக்குட்டையில் கறுப்பாகத் தெரிந்தால் பதறுகிறோம். அது உடம்பு வாசலிலேயே தடுத்துவிட்ட தூசி. நுண்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே அதற்கும் ரத்தத்துக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றுதான். அழற்சி கிளம்பும், ரத்தம் சுலபமாக உறையத் தொடங்கும். அதனால்தான் இருமலே இல்லாதவருக்கும் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடுகிறது. வெளிக்காற்று மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இலேயே வகைப்படுத்திவிட்டது. இந்தத் துகளின் ஆண்டுச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிவுரை. நம் நாட்டு வரம்பு 40.

கந்தக வாயுவைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவிப் பிடிக்கும் கருவி உண்டு. அதைப் பொருத்த வழிசெய்யும் கந்தக வாயு வரம்பை மத்திய அரசு 2015இல் விதித்தது. பலமுறை கெடுவைத் தள்ளிப்போட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலக்கரி மின் நிலையங்களுக்கு அந்தக் கருவியிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டது. எனக்கு இது சரியாகவே படவில்லை. மூச்சு விடுகிறவருக்கு விலக்கு கிடையாதே.

புகைபோக்கி மட்டுமில்லை, தரையோரப் புகையும் இருக்கிறது. மார்கழி விடியலில் தரையோரக் குளிர்காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். குப்பை எரித்த புகை, லாரிப் புகை, சுரங்கத் தூசி எல்லாம் அதற்கடியில் தேங்கும். வீட்டில் ஆஸ்துமாப் பிள்ளையோ இதய நோயுள்ள பெரியவரோ இருந்தால், நடைப்பயிற்சியை வெயில் ஏறி அந்த மூடி விலகிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.