அருஞ்சொல் யாருக்கு அரிது? ஓசூர்ப் பகுதிப் பன்மொழி வகுப்பறைகளில் தமிழ்ச் சொற்கற்பித்தல்

திறவுச்சொற்கள்: சொற்கற்பித்தல், வீட்டுமொழி, இனச்சொல், பொருள் வேறுபாடு

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டத்தின்படி (2006), 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கித் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாயிற்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் போன்ற எல்லைப் பகுதிகளில் தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர்களும் தமிழ் பயில வேண்டியவர்களாயினர். இவர்களைச் சொல்வளம் குன்றியவர்கள் எனக் கொண்டு கற்பிக்கும் போக்கு மறுஆய்வுக்கு உரியது.

பாடநூலில் செய்யுளை அடுத்து வரும் 'சொல்லும் பொருளும்' பகுதி, தமிழை வீட்டில் பேசும் மாணவரை மனத்திற்கொண்டே அமைகிறது. 'செவி – காது' என்னும் வகையிலான விளக்கத்தைச் சான்றாகக் கொள்ளலாம். தமிழ் மாணவர் வீட்டில் வழங்குவது 'காது'. 'செவி' அவருக்கு நூல்வழக்கு. தெலுங்கு மாணவருக்கோ 'செவி' அன்றாடச் சொல். ஆகவே இவ்விளக்கம் அவர் அறிந்த ஒன்றை அறியாத ஒன்றால் விளக்குகிறது. வீட்டைக் குறிக்கும் 'இல்' (தெலுங்கில் இல்லு), 'மனை' (கன்னடத்தில் மனெ), சொல்லுதலைக் குறிக்கும் 'செப்பு' ஆகியனவும் இத்தகையனவே. இச்சொற்கள் வருமிடத்தில் பொருள் கூறும் பொறுப்பை அம்மாணவரிடமே விடலாம். தமிழ் வராத பிள்ளை என்று பின்வரிசையில் ஒதுங்கியவர் அப்போது வகுப்பிற்கே பொருள் சொல்பவராகிறார்.

கன்னட மாணவர்க்கு ஒலித்தொடர்பு ஒன்றும் உதவும். பழங்கன்னடத்துப் பகரம் இடைக்காலத்தில் ஹகரமாகத் திரிந்தமையால் பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பாடு – ஹாடு என இணைகள் கிடைக்கின்றன. நான்கைந்து இணைகளைப் பலகையில் எழுதினால் அடுத்ததை மாணவரே ஊகிப்பர். 'புஸ்தக' போன்ற வடசொற்களில் இத்திரிபு இல்லை என்பதையும் உடன் சுட்ட வேண்டும்.

எனினும் ஒப்புமை வழி எங்கும் நேர்வழியன்று. 'கேள்' என்பது தமிழில் செவியுறுதலையும் வினவுதலையும் குறிக்கும். கன்னடத்துக் 'கேளு'வும் அவ்வாறே. தெலுங்கில் முன்னதற்கு 'வினு', பின்னதற்கு 'அடுகு' எனச் சொற்கள் வேறு. இதனால் "ஆசிரியரிடம் கேட்டான்", "பாட்டைக் கேட்டான்" என்னும் தொடர்களுக்கிடையே கன்னட மாணவர்க்கு இடர்ப்பாடில்லை. தெலுங்கு மாணவர் தயங்குவார். 'வினவு' இன்னும் நுட்பமானது. 'வினு'வோடு வேரொற்றுமை உடையதாயினும் இன்றைய தமிழில் கேள்வி எழுப்புதலையே அது சுட்டுவதால், 'கவனித்துக் கேள்' என்று பிறழ உணர இடமுண்டு. இத்தகைய ஒரு சொல்லுக்கு வகுப்பில் ஒதுக்கும் நேரம், எளிய இணைகள் பத்துக்கு ஒதுக்குவதைவிட மிகுதியாக இருத்தல் தகும். தெலுங்கோ கன்னடமோ அறியாத ஆசிரியர், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் பாடத்திற்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.

உருது மாணவர்க்கு இவ்வுறவு துணை நிற்பதில்லை. தயார், வசூல், ரத்து எனத் தமிழில் கலந்துள்ள சொற்கள் அவர்க்கு அறிமுகமானவையே. ஆனால் செய்யுட்பாடத்தில் அவை வருவது அரிது. அவர்க்குச் சொல்லைத் தொடரில் வைத்தும் பொருளை நேரில் காட்டியும் கற்பிப்பதே இப்போதைக்குரிய வழி. வகுப்பில் மூவரே உருது பேசுவோராயினும் ஆசிரியரின் பாடக்குறிப்பில் அவர்களுக்கெனத் தனிப்பகுதி இடம்பெற வேண்டும்.