கோவில்பட்டி நாயனமும் ஒரு சினிமாப் பாட்டும்

தாலி கட்டி, கெட்டிமேளம் ஓய்ந்து, பந்திக்கு இலை போடுகிற நேரம். கோவில்பட்டிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மேளக்காரர்கள் கொஞ்சம் மூச்சு வாங்குவது அப்போதுதான். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் மேடையோரம் வந்து நிற்பார். “அண்ணாச்சி, சிங்கார வேலனே ஒரு தடவை வாசிங்களேன்!” நாயனக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு ஆபேரியில் சின்னதாக ஓர் ஆலாபனை எடுப்பார். பந்திக்கு எழுந்தவர்களில் நாலு பேர் மறுபடியும் உட்காருவார்கள்.

இந்தப் பாட்டுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1962 பொங்கலுக்கு வெளியான ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்காகப் பதிவானது. எழுதியவர் கு.மா.பாலசுப்பிரமணியம், இசையமைத்தவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு, பாடியவர் எஸ்.ஜானகி. கூடவே நாகஸ்வரம் வாசித்தவர், கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலம். ஒரு புதுப் பாட்டு மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது, சேர்ந்த பிறகு பாடியவருக்கும் வாசித்தவருக்கும் என்ன நடக்கிறது என்பதற்குக் கரிசல் பூமியில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

வயற்காட்டிலிருந்து கரிசல்காட்டுக்கு

அருணாசலம் பிறந்தது 1921-இல், தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சியில். நெல்லும் வாழையும் விளைகிற ஊர் அது. நாகஸ்வரத்தில் அவருக்குக் குரு, திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. ‘நாகஸ்வரச் சக்கரவர்த்தி’ என்று நாடே கொண்டாடிய மனிதரின் பக்கத்தில் நின்று, இரண்டாவது நாயனமாக வாசித்துத்தான் அருணாசலம் தொழிலைப் படித்தார். குருவின் தோடியை ராத்திரி ராத்திரியாகப் பக்கத்திலிருந்து கேட்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1956-இல் ராஜரத்தினம் மறைந்தபோது, அந்த வாசிப்பை அடுத்து எடுத்துச் செல்லப்போகிறவர் யார் என்று ரசிகர்கள் தேடிய இடத்தில் காருகுறிச்சியார் நின்றார்.

அவர் குடியேறிய கோவில்பட்டி, பிறந்த ஊரைப் போல ஆற்றுப் பாசனம் உள்ள ஊர் கிடையாது. வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும் கம்பும் விளைகிற கறுப்பு மண். பஞ்சாலை, தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய் என்று பிழைப்பைத் தேடிக்கொண்ட ஊர். ஆனால் காது விஷயத்தில் இந்த வட்டாரம் ஒருநாளும் ஏழையாக இருந்ததில்லை. பக்கத்திலேயே எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் கண்மூடியது அங்கேதான். அவருடைய குடும்பத்து வாரிசான சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் அச்சேறியதும் எட்டயபுரத்தில்தான். கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற இடைசெவல், கி.ராஜநாராயணனையும் கு.அழகிரிசாமியையும் எழுத்துக்குக் கொடுத்த ஊர். இருவருமே சங்கீதத்தில் தோய்ந்தவர்கள். நாயனம் கேட்க மைல் கணக்கில் நடந்துபோன தலைமுறை அது.

குரலும் குழலும் சேர்ந்த விதம்

‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் கதாநாயகனே ஒரு நாகஸ்வரக் கலைஞன். எம்.வி.ராமன் இயக்கம், டெக்னிக்கலர் வண்ணம். ஜெமினி கணேசன் நாயனத்தோடு வர, சாவித்திரி பாடுகிற காட்சிக்குத்தான் இந்தப் பாட்டு. பாடுவது யார், வாசிப்பது யார் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். ஆச்சா மரத்துக் குழல், அடியில் விரிந்த அணசு, நுனியில் நாணல் சீவாளி. ஏழு துளைகளில்தான் விரல் ஓடும். சாமி புறப்பாட்டில் நாலு தெருவுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்படி ஒரு நாதம். ராஜரத்தினத்துக்கு முன்னால் பெரும்பாலும் வழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி உயர்ந்தது. அவர்தான் நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்து சுருதியை இறக்கி, நாதத்துக்கு ஒரு கனத்தையும் மென்மையையும் கொடுத்தார். காருகுறிச்சியார் அந்த வழியில் வந்தவர். அவருடைய வாசிப்பில் பாடகனின் குரல் போன்ற குழைவு இருந்ததற்கு இந்தப் பாரி நாயனமும் ஒரு காரணம்.

அப்படியே இருந்தாலும், ஒரே மைக்கின் முன்னால் நாயனத்தையும் பெண்குரலையும் நிறுத்தினால் குரல் அமுங்கிப்போகும். அதனால் ஜானகியின் பாட்டையும் காருகுறிச்சியாரின் வாசிப்பையும் தனித்தனியாகப் பதிவுசெய்து பிறகு இணைத்தார்கள். இன்று இது எல்லா ஒலிப்பதிவுக் கூடத்திலும் அன்றாட வேலை. 1960-களின் தொடக்கத்தில் அப்படி இல்லை. பாட்டைக் கேட்கிறவர்களுக்கு இந்தத் தையல் தெரியவே தெரியாது. குரல் ஓர் அடி எடுத்துக் கொடுக்கிறது, நாயனம் வாங்கிக்கொள்கிறது. கடைசியில் ஸ்வரங்கள் வேகமெடுத்து மாறி மாறி வந்து இரண்டும் ஒன்றாகிற இடத்தில், எது குரல், எது குழல் என்று காது தடுமாறும்.

ராகமும் கைகொடுத்தது. ஆபேரி, கரகரப்பிரியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. தீட்சிதர் பரம்பரையின் ஆபேரியில் தைவதம் வேறு. இன்று எல்லாரும் அறிந்த ஆபேரி, தியாகராஜரின் ‘நகுமோமு’ வழியாகப் பரவிய சதுஸ்ருதி தைவதம் கொண்டது. கேட்டதுமே மனசில் ஒட்டிக்கொள்கிற இந்த ஆபேரியைத்தான் சுப்பையா நாயுடு எடுத்தார். அவரும் தென்பாண்டிச் சீமைக்காரர், கடையநல்லூரில் பிறந்தவர். கீழ்வரிசைத் தரை டிக்கெட் ரசிகருக்கும் எட்ட வேண்டும், மேளக்காரரும் தலையசைக்க வேண்டும் என்ற இரண்டு கணக்குக்கும் இந்த ராகம் விடை சொன்னது.

தெருவுக்கு வந்த ரிக்கார்டு

ஜானகி 1957-இல் ‘விதியின் விளையாட்டு’ படத்தில் பாட வந்தவர். ஐந்து வருஷமாகப் பல மொழிகளில் பாடிக்கொண்டிருந்தாலும், தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அவர் பெயரைக் கொண்டுபோனது இந்த ஒரு பாட்டுதான். தாய்மொழியான தெலுங்கிலும் அதே ஆண்டு ‘முரிபிஞ்சே முவ்வலு’ என்று படம் போனபோது, அதே மெட்டை அவரே பாடினார். கடினமான பாட்டு என்றால் ஜானகியைக் கூப்பிடு என்று இசையமைப்பாளர்கள் நினைக்கத் தொடங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு இசைத்தட்டு வாங்குகிற வீடு ஊருக்கு ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். பாட்டைப் பரப்பியது மைக்செட். கோயில் கொடை, சடங்கு வீடு, கல்யாணம் எங்கே நடந்தாலும் வேப்ப மரத்தில் புனல் ஸ்பீக்கரைக் கட்டி ரிக்கார்டு போடுவார்கள். கரிசல்காட்டில் மேடும் இல்லை, தோப்பும் குறைவு. ஓர் ஊரில் போட்ட பாட்டு, காற்று வாக்கில் அடுத்த ஊர் பருத்திக்காட்டில் களையெடுக்கிறவர்கள் வரை கேட்கும். அதோடு இலங்கை வானொலியும் சேர்ந்துகொண்டது. நாகஸ்வரம் கேட்கக் கோயில் வாசலில் நிற்க வேண்டும் என்ற நிலை மாறி, நாயனமே தேடிக்கொண்டு வந்தது.

விளைவு மேளக்காரர்களின் வாழ்க்கையில் உடனே தெரிந்தது. மல்லாரியும் கீர்த்தனையும் கைவந்தவர்களும் இந்தப் பாட்டைத் தனியாகப் பாடம் பண்ண வேண்டியதாயிற்று. மெல்லிசைக் கச்சேரிகளில் அது பாடகிகளுக்கான பரீட்சையாக மாறியது. நாயனத்துக்கு ஆள் கிடைக்காத மேடைகளில் கிளாரினெட்டோ, பின்னாளில் கீபோர்டோ அந்த இடத்தை நிரப்பியது. இன்றைய தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில்கூட, குரல்வளத்தைக் காட்டத் துணிகிற சிறுமிகள் கையிலெடுப்பது இதைத்தான்.

வடக்கே ஏற்கெனவே ஒரு முன்னோடி இருந்தது. 1959-இல் வந்த ‘கூஞ்ச் உட்டி ஷெனாய்’ படத்தில் கதாநாயகன் ஷெனாய்க் கலைஞன். அவனுக்காக வாசித்தவர் உஸ்தாத் பிஸ்மில்லா கான். தமிழில் இந்தப் பாட்டுக்குப் பிறகு 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது. மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசிக்க, நாகஸ்வரம் திரையில் ராஜநடை போட்டது. 1977-இல் கன்னடத்தில் ‘சனாதி அப்பண்ணா’. அதில் பிஸ்மில்லா கானின் ஷெனாயோடு போட்டியிட்டுப் பாடியதும் ஜானகிதான். காருகுறிச்சியாரின் நாயனத்தோடு இழைந்து பெயர் வாங்கிய குரலுக்கு அது இயல்பாக வந்து சேர்ந்த வேலை.

தட்டுக்குள் அடங்காதது

இந்த வெற்றியை அனுபவிக்கக் காருகுறிச்சியாருக்குக் கிடைத்தது இரண்டே வருஷமும் சில மாதங்களும். 1964-இல், நாற்பத்து மூன்று வயதை ஒட்டிய பருவத்தில், அவர் காலமானார். குரு மறைந்து எட்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

அன்றைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடமும் சொச்சமும். காருகுறிச்சியாரோ ஒரு ராகத்தை எடுத்தால் நேரம் பார்க்காமல் வாசிக்கிற மரபில் வளர்ந்தவர். சாமி வீதியுலா நகர நகர, ஒரு தெருவில் தொடங்கிய ஆலாபனையை அடுத்த தெருவில் விரித்து, சந்நிதித் தெருவில் முடிக்கிற கலை அது. சினிமாப் பாட்டில் நாம் கேட்பது அந்தப் பெருவெள்ளத்தில் ஒரு செம்பு தண்ணீர். இன்று அவர் பெயரைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் இந்த ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அவருடைய கச்சேரிகளின் பதிவுகள் நமக்குக் கிடைக்கின்றன. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

அந்தப் பதிவுகள் இருப்பதே எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரிய, இன்னொரு கரிசல்காட்டு மேதையை நினைத்துக்கொண்டால் போதும். விளாத்திகுளம் சுவாமிகள். இயற்பெயர் நல்லப்பன். 1889-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். முறையான குருகுலம் இல்லாமல், கேள்வி ஞானத்தாலேயே பெரிய வித்வான்களை மலைக்க வைத்தவர். அவரைப் பற்றிக் கி.ரா. ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார். காருகுறிச்சியாரும் அவரிடம் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார். சுவாமிகளின் கரகரப்பிரியாவைப் பற்றி இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறார்கள். ஆனால் கடையில் வாங்க அவருடைய இசைத்தட்டு ஒன்றுகூட வந்ததில்லை. அந்தக் குரல் கேட்டவர்களின் பேச்சில்தான் வாழ்கிறது.

காருகுறிச்சியார் வாசித்த ‘சக்கனி ராஜ’ கீர்த்தனையின் பதிவு இருக்கிறது. அதே கரகரப்பிரியா. அவசரமே இல்லாமல் ராகம் மெல்ல மெல்ல எழுந்துவரும். கல்யாண வீட்டில் ‘சிங்கார வேலனே’ கேட்டுவிட்டு வருகிறவர்கள், அன்றைக்கு ராத்திரி வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு, இதையும் ஒருமுறை போட்டுக் கேட்கலாம்.